கூடையை இறக்கிய நாள்

சின்னப்பாப்பாவை ஆம்புலன்சிலிருந்து இறக்க வேண்டாம் என்று அக்கா வேலம்மாள் சொன்னதும் செத்தவளின் புருஷன் ராஜவேல் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்கள்.

“செத்தது உன் கூடப்பொறந்த தங்கச்சி! வூட்டுக்குள்ள கொண்டாந்து கெடத்தக்கூடாதா? இன்னா பொம்பள நீ?”

“வூட்டுக்குள்ள கொண்டாந்தா வூட்லயே செத்தான்னு கதை கட்டிடுவானுங்க ராஜவேலு. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். அறுத்துப் பாத்து, வெயில் தாக்கித்தான் செத்தான்னு டாக்டரு எழுதிக் குடுக்கணும்.”

“அறுக்கறதா? என் பொண்டாட்டிய அறுக்கச் சொல்றியா?”

ராஜவேல் ஆம்புலன்ஸ் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கத்திரி வெயில். மதியம் ஒரு மணி. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய அந்தத் தெருவில் நிழல் என்று சொல்ல ரேஷன் கடைச் சுவரோரம் ஒரு முழம் இருந்தது. அளத்திலிருந்து அப்படியே ஓடிவந்த பெண்கள் அங்கே நெருக்கியடித்து நின்றார்கள். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அவர்களோடு கூடை சுமந்தவள் சின்னப்பாப்பா.

கோடையில் விடியுமுன் உப்புப் பாத்தியில் இறங்கிப் பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு மூன்று லாரிகள் வந்து நின்றன. லோடு ஏறாமல் ஒருத்தியும் போகக்கூடாது என்று மேஸ்திரி கௌதமன் சொல்லிவிட்டான். பதினொன்றரைக்கு வரப்பில் நடந்துகொண்டிருந்த சின்னப்பாப்பா தலைக்கூடையோடு பாத்திக்குள் சாய்ந்தாள். தூக்கப் போனவர்கள் தொட்ட கையை இழுத்துக்கொண்டார்கள். உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. மரக்காணம் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சின்னப்பாப்பாவின் மகள் இலக்கியா குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பி.காம் முடித்தவள். செய்தி கேட்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. அழவும் இல்லை.

“போஸ்ட்மார்ட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அம்மாவ ஈசிஆர் ரோட்டுல கொண்டுபோய் வைங்க. மெட்ராஸ் பஸ்ஸும் போவக்கூடாது, பாண்டி பஸ்ஸும் போவக்கூடாது. அந்த முதலாளி வந்து பதில் சொல்லட்டும்.”

“பொண்ணு சொல்றதுதான் சரி,” என்றான் வெற்றிச்செல்வன். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் அவன். லாரி லோடு ஏற்றுகிறவன், தோள் அகலமும் கோபமும் உள்ளவன். “தூக்குங்கப்பா.”

சங்கத்துக்குத் தலைவி வேலம்மாள். அவள் ஆம்புலன்சின் பின்கதவை மறித்து நின்றாள்.

“ரோட்டுல வெச்சா ரெண்டு மணி நேரம் பஸ்ஸு நிக்கும். போலீசு வரும். அதிகாரி வருவாரு, பாத்துக்கலாம்னு சொல்லுவாரு. நாமளும் எடுத்துடுவோம். எரிச்சப்புறம் நம்ம கையில இன்னா இருக்குது சொல்லு?”

அந்த நேரத்தில் கௌதமன் பைக்கில் வந்தான். வண்டியின் முன்னால் பெரிய ரோஜா மாலை. ராஜவேலின் தோளில் கை வைத்துத் தாழ்ந்த குரலில், “முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாருப்பா. செலவு மொத்தமும் அவரே பாத்துக்கறேன்னுட்டாரு. பொம்பள ஒடம்பு, அத எதுக்கு ஆஸ்பத்திரில போட்டு… சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்,” என்றான்.

வேலம்மாள் அவனையும் மாலையையும் பார்த்தாள். விழுந்து ஒன்றரை மணி நேரத்தில் மாலை வந்துவிட்டது. குடிதண்ணீர்க் குடம் கேட்டு மூன்று கோடை ஆகிறது, அது வரவில்லை.

“வண்டிய எடுப்பா,” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத் தங்கையின் காலடியில் ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்தும்போது இலக்கியா வெளியிலிருந்து இரண்டு கையாலும் அதை அறைந்தாள்.

“நீ இன்னா அவனுக்கு ஆளா பெரிம்மா? நீ அவனுக்கு ஆளா?”

*

மறுநாள் மாலைதான் உடலைக் கொடுத்தார்கள். சான்றிதழில் டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார்: வெப்பத் தாக்கம். கால் விரலிடுக்கில் உப்புப் படிந்திருந்தது என்பதையும் எழுதியிருந்தார். வேலம்மாள் அதை மூன்று நகல் எடுத்து மூன்று வீடுகளில் வைத்தாள். அம்மாவின் வயிற்றில் போட்டிருந்த தையலை இலக்கியா பார்த்துவிட்டாள். குளிப்பாட்டும்போது அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அக்கா தங்கை வீடுகள் இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். பின்பக்கம் ஒரே அடுப்பு. வேலம்மாளின் புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. விடியுமுன்பே எழுந்து இரண்டு பேரும் சேர்ந்து கேழ்வரகுக் கூழ் கரைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, நாலு துண்டு சுட்ட கருவாட்டோடு கிளம்புவார்கள். உடலை எடுத்து முடிந்த அன்று வேலம்மாள் சோறு வடித்து, குழம்பு வைத்துத் தட்டில் போட்டு நீட்டினாள். ராஜவேல் வாங்கிக்கொண்டான். இலக்கியா வாங்கவில்லை. கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்து, பெரியம்மா பார்க்கும்படி வாசலில் உட்கார்ந்து தின்றாள்.

மூன்றாம் நாள் சங்கம் கூடியது. ரேஷன் கடை வாசல்தான் கூடுமிடம். எழுபது பேருக்குக் குறையாது. வெற்றிச்செல்வன் எழுந்ததும் எழாததுமாய்க் கத்தினான்.

“கேட்டுக்கங்க. கௌதமன் வருகை நோட்டுல அன்னிக்குச் சின்னப்பாப்பா பேரே இல்ல. கேட்டா, அவ அன்னிக்கு வேலைக்கே வரலங்கறான். சுகர் பேஷண்ட்டு, வூட்ல மயங்கி வுழுந்தான்னு சொல்றான். நம்ம கண்ணு முன்னாடி வுழுந்தவள! நாளையிலேருந்து ஒருத்தரும் எறங்கக்கூடாது. ஸ்ட்ரைக்கு!”

“ஸ்ட்ரைக்கு!” என்றது கூட்டம். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வேலம்மாள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். சத்தம் அடங்க நேரமானது.

“இப்ப களத்து மேட்டுல உப்பு இருக்குதா?”

அவள் வெற்றிச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

“வெற்றி, நீதான லோடு ஏத்தின? அன்னிக்கு மூணு லாரி, அதுக்கு முன்னாடி வாரம் ஏழு லாரி. களம் தொடச்சி வெச்ச மாதிரி கெடக்குது. நாளைக்கு நாம கரையேறிட்டா அவனுக்கு இன்னா நஷ்டம்? பாத்தில தண்ணி இருக்குது, மேல வெயில் இருக்குது. நாம வூட்ல குந்திகினு இருந்தாலும் உப்பு வெளையும். பத்து நாள் பொறுத்து வெளியூர் ஆளக் கொண்டாந்து வாரிக்குவான்.”

“அதுக்கு? சும்மா வுட்டுடலாங்கிறியா?” என்று கேட்டாள் வசந்தா. சின்னப்பாப்பாவின் கூடைக்கு எப்போதும் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவள் அவள்.

“சும்மா வுடச் சொல்லல. இப்ப வேணாங்கிறேன்.”

“எப்ப?”

“சொல்றேன்.”

“எப்பன்னு இப்ப சொல்லு!”

கூட்டத்தில் பேசியது பொழுது சாய்வதற்குள் கௌதமனுக்குப் போய்விடும் என்பது வேலம்மாளுக்குத் தெரியும். யார் வழியாகப் போகும் என்றும் தெரியும். அதைச் சொன்னால் இங்கேயே அடிதடியாகும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதேபோல ஒரு கூட்டம் நடந்தது. அப்போது தலைவர் வேறொருவர். மேஸ்திரி ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். மறுநாளே ஸ்ட்ரைக் என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் வேலம்மாள்தான். ஒன்பது நாள் தாங்கினார்கள். பத்தாம் நாள் இரண்டு வேனில் வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள். இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். பதினோரு பேரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. அதில் இழுக்கப்பட்டவளும் ஒருத்தி. அவள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனாள். எங்கே போனாள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கூட்டம் கலையும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “எவ்ளோ குடுத்தான் முதலாளி?”

வேலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். எல்லோரும் போனார்கள். ஏசிக்கொண்டே போனார்கள்.

அந்த நாட்களில் வேலம்மாள் செய்ததெல்லாம் யாருக்கும் வேலையாகத் தெரியவில்லை. வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் கொண்டுவந்து பாத்தியோரம் குவிப்பார்கள். பிறகு கூடையில் அள்ளி, ஒற்றையடி அகல வரப்பில் நடந்து, உயரமான களத்து மேட்டில் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். அங்கேதான் கீற்று வேய்ந்து மூடலாம், அங்கேதான் லாரி வரும். மேட்டுக்குப் போய்ச் சேராத உப்பு மழையில் கரைந்துவிடும். வேலம்மாள் தினமும் வீட்டுக்குச் சுற்றுவழியாகப் போய், எந்தப் பாத்தியோரம் எவ்வளவு குவிந்து கிடக்கிறது, எவ்வளவு மேட்டுக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். டீக்கடையில் லாரி டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தாள். அடுத்த லோடு ஜூன் முதல் வாரம் கடைசியில்தான் என்று ஒருவர் சொன்னார். முதலாளி தட்சணாமூர்த்தி விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாராம். அதுவரை உப்பைப் பாத்தியோரம் குவித்தால் போதும், லோடு நேரத்தில் மேட்டுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறாராம்.

எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பாக்கியலட்சுமியிடம், காற்று எப்போது மாறும் என்று கேட்டாள். “கத்திரி முடியட்டும்க்கா. மேக்கால இடி கேக்க ஆரம்பிச்சா மத்தியானம் மழைதான். எங்க வூட்டு ஆம்பளைங்க சொல்லிட்டாங்க, இந்த வாட்டி சீக்கிரமாம்,” என்றாள் பாக்கியலட்சுமி. வெளியூர் ஆட்களைக் கொண்டுவரும் வேன்காரனை யாரோ ஒருத்தி மூலமாக விசாரித்தாள். அவன் ஜூன் முதல் வாரம் முழுவதும் செங்கல் அறுக்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் வெற்றிச்செல்வனிடம் மட்டும் சொன்னாள்.

“வெயிலு அவனுக்கு வேலை செய்யுது வெற்றி. மழைதான் நமக்கு வேலை செய்யும். உப்பு முச்சூடும் கீழ கெடக்கணும். வானம் கறுக்கணும். அன்னிக்குக் கூடைய எறக்கணும்.”

வெற்றிச்செல்வன் பீடியைக் கசக்கிப் போட்டான். “அதுவரிக்கும் இந்த வெயில்ல இன்னொருத்தி வுழுந்தா?”

வேலம்மாளின் தூக்கத்தைத் தின்றதும் அந்தக் கேள்விதான். பெண்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருத்தி மேல் ஒருத்தி கண் வைத்திருக்கச் சொன்னாள். வீட்டிலிருந்தே மண்குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனாள். பத்து மணி நெருங்கினால் வேண்டுமென்றே கூடையைப் பாதி நிரப்பினாள், நடையை மெதுவாக்கினாள். கௌதமன் அவள் பின்னாலேயே வந்து கத்தினான். “இன்னா வேலம்மா, தங்கச்சி போன துக்கத்துல கை வரலியா?” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பாத்தியில் அவனைத் தள்ளி உப்புத்தண்ணீரில் முகத்தை அமுக்க எத்தனை நிமிஷமாகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கருமாதி அன்று ராஜவேலுக்கு முன்னால் இலக்கியா கேட்டாள்.

“பதினாறு நாளாச்சு பெரிம்மா. எங்கம்மா வுழுந்த எடத்துலயே தினம் நடக்கிற. உனக்குக் காலு கூசலியா?”

“கூசுது.”

“அப்பறம்?”

“இன்னும் கொஞ்ச நாளு.”

“எதுக்கு? எதுக்குக் கொஞ்ச நாளு? தெருவுல இன்னா பேசறாங்க தெரியுமா? உன்ன மேஸ்திரி ஆக்கறேன்னு முதலாளி சொல்லியிருக்கானாம். என்கிட்டயே வந்து கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது? இல்லன்னு சொல்றதுக்கு உன்கிட்ட எதுனா இருக்குதா?”

ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டு படையல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலம்மாள் எழுந்து பின்பக்கம் போய் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள்.

கருமாதி கழிந்து நாலாம் நாள் வசந்தா விழுந்தாள்.

காலை ஒன்பதரைதான். கூடை முன்னால் விழ, அவள் பின்னால் சரிந்தாள். கூட இருந்தவள் கவனித்துக்கொண்டிருந்ததால் தலை தரையில் படுமுன் பிடித்துவிட்டாள். குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினார்கள். சேலையை நனைத்துச் சுற்றினார்கள். கால் மணி நேரம் கழித்துக் கண் திறந்து, வாந்தியெடுத்து, “எம்மா” என்றாள். பிழைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பெண்கள் வேலம்மாளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தலைச்சும்மாட்டைப் பிடுங்கிப் பாத்தியில் எறிந்தாள்.

“இவளும் செத்திருந்தா? அப்பவும் கொஞ்ச நாளும்பியா? நீ எதுக்குடி தலைவி? எங்கள எண்ணிகினு குந்தவா?”

வேலம்மாளுக்கு வாய்வரை வந்துவிட்டது: இப்பவே போடுங்கடி கூடைய. மேற்கே பார்த்தாள். வானம் வெள்ளையாய், ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. பாத்தியோரத்து உப்பு இன்னும் போதுமான அளவு குவியவில்லை. இன்றைக்கு ஏறினால் கோபம் தீரும், ஒரு வாரத்தில் வயிறு காயும், அப்புறம் பன்னிரண்டு வருஷத்துக் கதைதான்.

“வசந்தாவுக்குப் பதிலா நான் ரெண்டு நடை நடக்கிறேன்,” என்றாள். “எல்லாரும் இப்பவே கரையேறுங்க. கௌதமன நான் பாத்துக்கறேன்.”

கௌதமன் வந்தான். அவள் அவன் முகத்துக்கு நேரே நின்றாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பதரைக்குக் கரையேறினார்கள். அரைநாள் கூலியைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று விட்டாள்.

*

ஜூன் மூன்றாம் தேதி விடியலில் காற்று நின்றுபோயிருந்தது. பாத்தித் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. ஆறரைக்கெல்லாம் புழுக்கம் தாங்கவில்லை. ஏழு மணிக்கு, திண்டிவனம் பக்கமாக, யாரோ வீட்டுக்குள் பாத்திரம் உருட்டுகிறதுபோல ஒரு சத்தம் கேட்டது. மேற்கு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கரை கட்டியிருந்தது.

பாத்தியோரமெல்லாம் இருபத்தைந்து நாள் உப்பு, முழங்கால் உயரத்துக்கு வரிவரியாகக் கிடந்தது.

வேலம்மாள் தலையிலிருந்து கூடையை இறக்கினாள். கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் எறக்குங்க.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வசந்தா மேற்கே திரும்பிப் பார்த்தாள். வேலம்மாளைப் பார்த்தாள். “அடிப்பாவி,” என்றாள், “இதுக்கா?” தன் கூடையைத் தூக்கித் தரையில் அடித்தாள். அடுத்தடுத்து எழுபது கூடைகள் இறங்கின.

தட்சணாமூர்த்தி எட்டரைக்குக் காரில் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வேகமாக நடந்துவந்தார். வழுக்கியது. கௌதமன் தாங்கிப் பிடித்தான்.

“இன்னா இது? மழ வர்ற நேரத்துல இன்னா வெளையாட்டு? எழுந்திரு வேலம்மா.”

“மூணு வெஷயம் எழுதிக் குடுங்க முதலாளி. எழுந்துடறோம்.”

“எழுதிக் குடுக்கணுமா? யாருகிட்ட பேசற?”

“என் தங்கச்சி அன்னிக்கு வேலைக்கு வந்தா, வேலைலதான் செத்தா. அத எழுதணும். அதுக்குண்டான நஷ்டஈடு. ரெண்டாவது, கோடைல பத்து மணிக்கு மேல ஒருத்தியும் எறங்கமாட்டா. மூணாவது, நெழலுக்குக் கொட்டாயும் குடிக்கத் தண்ணியும் ஒவ்வொரு களத்துலயும் வேணும். அவ்ளோதான்.”

“அவ வூட்ல செத்தவம்மா. சுகரு. எல்லாருக்கும் தெரியும்.”

வேலம்மாள் மடியிலிருந்து சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினாள். “காலு வெரலுக்கு நடுவுல உப்பு இருந்துச்சின்னு டாக்டரு எழுதியிருக்காரு. எங்க வூட்டுத் தரையில உப்பு வெளையுதா முதலாளி?”

அவர் படித்தார். முகம் இறுகியது. பேப்பரைத் திருப்பிக் கொடுக்காமல் கசக்கிப் பாத்தியில் எறிந்தார்.

“நகலு இன்னும் ரெண்டு இருக்குது,” என்றாள் வேலம்மாள்.

தட்சணாமூர்த்தி தள்ளிப்போய் போனில் பேசினார். வேன்காரனோடு முதலில். பிறகு வேறு யாரோடோ. குரல் ஏறியது, இறங்கியது. இடி இப்போது தெளிவாகக் கேட்டது. பெண்கள் கோடையெல்லாம் முதுகைச் சுட்ட வானத்தை முதல்முறையாக ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. “வேலம்மா, நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? உன் புருஷன் செத்தப்ப நான் வரல? உப்பு முச்சூடும் போயிடும்மா. முதல்ல ஏத்துங்க, சாயங்காலம் குந்தி நல்லபடியா பேசிக்கலாம்.”

“சாயங்காலம் உப்பு மேல இருக்கும் முதலாளி. நாங்க கீழ இருப்போம்.”

“திமிரா?” என்று கௌதமன் முன்னால் வந்தான். வெற்றிச்செல்வன் அவன் சட்டையைப் பிடித்தான். வேலம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “வுடு வெற்றி. இன்னிக்கு ஒருத்தன் மேலயும் கை படக்கூடாது. பட்டா நாம ரவுடி ஆயிடுவோம்,” என்றாள். அவன் விட்டான். விடுவதற்கு அவன் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது.

பத்தேகாலுக்குத் தட்சணாமூர்த்தி கையெழுத்துப் போட்டார். வெற்றிச்செல்வன் எழுத, கார் பானெட்டின்மேல் வைத்துப் போட்டார். கௌதமன் வருகை நோட்டில், சின்னப்பாப்பா செத்த தேதியில் அவள் பெயரை எழுதினான். வெற்றிச்செல்வன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இலக்கியாவுக்கு அனுப்பினான்.

வேலம்மாள் எழுந்து கூடையை நிமிர்த்தினாள். “சொன்ன சொல்லு. ஏத்துங்கடி.”

ஓடினார்கள். வரப்பில் அப்படி ஓட வெளியூர்க்காரர்களால் முடியாது. இரண்டு மணிக்கு முதல் சொட்டு விழுந்தபோது மூன்றில் இரண்டு பங்கு உப்பு மேட்டில் கீற்றுக்குள் இருந்தது. மீதி, அவர்கள் கண் முன்னாலேயே குழைந்து, சரிந்து, தண்ணீராய்ப் போனது. தட்சணாமூர்த்தி காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மழை விட்ட சாயங்காலம் தெருவே ரேஷன் கடை வாசலில் இருந்தது. வெற்றிச்செல்வன் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் சொல்லியிருந்தான். வேலம்மாளைக் கூட்டிவர ஆள்மேல் ஆள் வந்தது. அவள் ஈரச்சேலையை மாற்றாமல் பின்பக்கத்து அடுப்பின் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

இலக்கியா வந்து நின்றாள். கையில் போன்.

“எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல பெரிம்மா?” குரல் தணிந்திருந்தது. “எவ்ளோ திட்டினேன். நான் யாருகிட்ட சொல்லியிருப்பேன்?”

வேலம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“குந்து. இன்னொண்ணு சொல்லணும்.”

இலக்கியா உட்காரவில்லை.

“அன்னிக்குப் பத்தேகால் இருக்கும். உங்கம்மா என்கிட்ட வந்து, அக்கா தலை சுத்துது, கண்ணு இருட்டுது, நான் ஏறிடறேன்னா. லோடு ஏறாம போனா கௌதமன் கத்துவான், இன்னும் பத்து நடைதான், முடிச்சிட்டு ஏறிடுன்னு நான்தான் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. கூடையத் தூக்கிகினு போயிட்டா.” மூச்சு வாங்கினாள். “நான் தலைவி. எல்லாரும் ஏறுங்கடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தினி பேரும் ஏறியிருப்பாங்க. அன்னிக்கு அவனோட சண்ட எதுக்குன்னு நெனச்சிட்டேன்.”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“சொல்லியிருந்தா அவன் காதுக்குப் போயிருக்கும். அக்காகாரிதான் கொன்னான்னு பேப்பர்ல எழுதி வெச்சிருப்பான். கையெழுத்து ஆவட்டும்னு இருந்தேன்.”

இலக்கியாவின் முகம் மாறியதை வேலம்மாள் பார்த்தாள். வெள்ளையாய்ப் போய், பிறகு சிவந்தது.

“அதையுமா?” என்றாள் இலக்கியா. “எங்கம்மா செத்தத, அத யாருகிட்ட எப்ப சொல்லணுங்கறத, அதையுமா யோசிச்சு வெச்சிருந்த? இருபத்தஞ்சு நாளு என் மூஞ்சிய பாத்துகினு?”

“ஆமா.”

“அங்க போய்ச் சொல்லு. எல்லாருக்கும் முன்னாடி. இப்பவே.”

“அதுக்குத்தான் எழுந்திரிக்கப் போனேன்.”

அவள் நடந்தாள். இலக்கியா பத்தடி பின்னால் வந்தாள். கூட்டம் கைதட்டியது. யாரோ டீ கிளாசைக் கையில் திணித்தார்கள். வேலம்மாள் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு, அடுப்படியில் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியது. வெற்றிச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னிக்கா சொல்லுவ? இத எதுக்குக்கா சொன்ன?”

வசந்தா பாதி போண்டாவை இலையிலேயே வைத்தாள். “என்கிட்டதான் மொதல்ல வந்தா அன்னிக்கு. நான் போ, அக்காகிட்ட கேளுன்னு அனுப்பினேன்,” என்றாள். அப்புறம் வேலம்மாளைப் பார்த்து, “நீ கெட்டிக்காரிதான் வேலம்மா. ஆனா நாளைக்கு எனக்குத் தலை சுத்தினா உன்கிட்ட வந்து சொல்றதுக்கு எனக்கு பயமா இருக்குது,” என்றாள்.

வேலம்மாளின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இலக்கியா கூட்டத்தின் நடுவில் வந்தாள்.

“சொல்ல வேணாம். இவங்ககிட்ட யாரும் சொல்ல வேணாம். ஒடம்புக்கு ஒண்ணுன்னா என் நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் லீவு போட்டுட்டு வர்றேன். எறங்கி வந்து கைய புடிச்சி ஏத்திகினு போறேன். எந்த மேஸ்திரி கத்துறான்னு பாக்கலாம், எந்தத் தலைவி பொறுத்துக்கச் சொல்றான்னு பாக்கலாம். எழுதிக்கங்க.”

நம்பரைச் சொன்னாள். இடுப்பிலிருந்து, பைகளிலிருந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போன்கள் வெளியே வந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்கு வெற்றிச்செல்வன் பதிந்து கொடுத்தான். இலக்கியா இரண்டாம் முறை, ஒவ்வொரு எண்ணாக, கோபம் குறையாமல் சத்தமாகச் சொன்னாள். வேலம்மாள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த அந்த நம்பரை, பக்கத்திலிருந்த வசந்தாவின் போனில் மெதுவாக அழுத்திக் கொடுத்தாள்.